காத்தாயி காலை நீட்டிய பட்டிமன்றம்

ஒரு காட்டில் நோயாளிகளைவிட நோயைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். காட்டில் உள்ள அனைவருக்கும் மருத்துவக் காப்பீடு தேவையா, தேவையில்லையா என்பதுதான் பேச்சு. ஒவ்வொருவரும் தேடும் தீனியில் கொஞ்சத்தைப் பொதுப் பொந்தில் போட்டு வைப்பது, யாருக்கு உடம்புக்கு முடியாமல் போனாலும் கொக்கு வைத்தியருக்கு அதிலிருந்து கூலி கொடுப்பது. யோசனை இவ்வளவுதான். ஓர் எறும்பிடம் சொன்னால்கூடப் புரிந்துவிடும். அதனால்தானோ என்னவோ, பெரிய மிருகங்களுக்குப் புரியவே இல்லை. முடிவெடுக்க வேண்டிய புலிராஜா, எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மறுபக்கம் கோபித்துக்கொள்ளுமே என்று பயந்தார். பட்டிமன்றம் நடத்துங்கள், நடுவர் சொல்லும் தீர்ப்புதான் சட்டம் என்று சொல்லிவிட்டுக் குகைக்குள் போய்ப் படுத்துக்கொண்டார்.

இத்தனைக்கும் நடுவில் காத்தாயி என்ற கடமான் பின்னங்காலை இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தாள். வேட்டைக்காரன் வைத்த கம்பிச் சுருக்கில் கால் மாட்டிவிட்டது. திமிறியதில் கம்பி அறுந்து வந்தாலும், சுருக்கு மட்டும் கணுக்காலில் இறுகிக் கிடந்தது. மானுக்குக் கால் போனால் உயிர் போன மாதிரிதான். செந்நாய்கள் தூரத்தில் உட்கார்ந்து அவள் நடையைப் பார்ப்பதும், தங்களுக்குள் தலையாட்டிக்கொள்வதுமாக இருந்தன.

கொக்கு வைத்தியர் காலைப் பார்த்தார். சீக்கிரம் கம்பியை எடுத்தால் கால் தங்கும், தள்ளிப்போட்டால் புரையோடிவிடும் என்றார். அப்படியானால் எடுத்துவிடுங்களேன் என்றாள் காத்தாயி. கூலி மீனைப் பொந்து தருமா, நீ தருவாயா என்று தெரியாமல் அலகை வைப்பது தொழில் தர்மம் ஆகாது என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். மீன் பிடிக்கத் தெரியாத காத்தாயி வேறு வழியில்லாமல் பட்டிமன்றத்துக்குப் போனாள்.

அவளைப் பார்த்ததும் 'தேவையே' அணித் தலைவரான மந்தியாருக்கு முகம் மலர்ந்தது. கைத்தாங்கலாக அழைத்து வந்து மேடைக்கு முன்னால் நிறுத்தினார். இந்தக் காலைப் பாருங்கள், இதற்குப் பிறகும் காப்பீடு வேண்டாம் என்று சொல்ல யாருக்காவது மனம் வருமா என்று தழுதழுத்தார். பலத்த கைதட்டல். அடுத்து 'தேவையில்லை' அணியின் நரியார் எழுந்து, இதே காலைத்தான் நானும் பார்க்கச் சொல்கிறேன், கண் இருந்தும் கவனமில்லாமல் நடந்தவளுக்கு, பார்த்து நடக்கிற நாம் ஏன் தீனி போட வேண்டும் என்று கேட்டார். அதற்கும் அதே கூட்டம் அதே அளவு கைதட்டியது. ஆமையார், தனக்கு ஓடு இருக்கும்போது ஊர் ஓட்டைக்கு எதற்குப் படியளக்க வேண்டும் என்றார். மயிலம்மாள், எல்லாரும் வைத்தியரிடம் போக ஆரம்பித்தால் தனக்கு வரிசை நீளுமே என்று கவலைப்பட்டாள்.

பேச்சு நாள்கணக்கில் நீண்டது. இரண்டு அணியும் காத்தாயிக்குத் தேக்கிலைப் பொன்னாடை போர்த்தின. நல்ல அறுகம்புல்லும் கொடுத்தன. கம்பியில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. கால் வீங்கி, ராப்பகலாகக் குத்தியது. பொன்னாடையை மென்று தின்றுகொண்டே அவள் வலியைப் பொறுத்துக்கொண்டாள்.

ஒரு நாள் இடைவேளையில் தண்ணீர் குடிக்க ஆற்றங்கரைக்குப் போனபோது, வாலையன் என்ற நீர்நாய் அவள் காலைப் பார்த்துவிட்டான்.

"என்னக்கா, இதையா மாட்டிக்கிட்டுத் திரியிறே? காலைக் காட்டு."

வலைக் கம்பிகளோடு மல்லுக்கட்டிப் பழகிய கை. முறுக்கைத் திருப்பிப் பிரித்தான், சுருக்கு கையோடு வந்துவிட்டது. கூலி ஒன்றும் கேட்கவில்லை. காத்தாயிக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. நல்ல சேதியை நாலு பேரிடம் சொல்ல வேண்டும் என்ற ஆசையில், கம்பியை வாயில் கவ்விக்கொண்டு பட்டிமன்றத்துக்கே துள்ளிக்கொண்டு ஓடினாள். பாவம், அவளுக்கு அரசியல் தெரியாது.

மந்தியார் முகத்தில் ஈயாடவில்லை. நரியாருக்கு அடுத்த வரி மறந்துவிட்டது. எதிலும் ஒத்துப்போகாத இருவரும் மேடை ஓரத்தில் தலையோடு தலை வைத்துப் பேசி, நடுவர் யானையாரின் காதிலும் ஏதோ ஓதினார்கள். யானையார் தொண்டையைச் செருமிக்கொண்டு, பாதிக்கப்பட்டவரே இல்லாமல் தீர்ப்பு எப்படிச் சொல்வது என்று வருத்தப்பட்டார். தீர்ப்பு வரும்வரை அம்மா அந்தக் கம்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டால் நன்றாக இருக்கும் என்றார்.

"ஐயா, இது என் காலுங்க. விட்ருங்க" என்றாள் காத்தாயி.

விட்டுவிட்டுப் போயிருப்பாள். ஆனால் கூட்டத்திலிருந்து கண்ணில் பூ விழுந்த கீரிக்கிழவி தட்டுத்தடுமாறி முன்னால் வந்தாள்.

"தாயி, பேருக்கு மாட்டிக்கோடி. உன் காலைக் காட்டித்தான் எங்களுக்கும் ஏதாச்சும் கிடைக்கணும்."

அவளுக்குப் பின்னால் இருமிக்கொண்டே ஒரு காட்டுப்பன்றி நின்றது. சொறி பிடித்த குட்டியை இடுக்கிக்கொண்டு ஒரு குரங்கு நின்றது. காத்தாயி அந்த முகங்களைப் பார்த்தாள். சற்றுமுன்வரை அவளும் இப்படித்தானே நின்றாள். காலை நீட்டினாள்.

மந்தியார் ஒரு முனையையும் நரியார் மறு முனையையும் பிடித்து முறுக்கினார்கள். பின்வரிசைக்குத் தெரிய வேண்டும் என்று இன்னும் கொஞ்சம் இறுக்கினார்கள். அப்போதுதான் கம்பி விட்டிருந்த புண் பிளந்து ரத்தம் கொட்டியது. அதைப் பார்த்துக் கல்லும் கரைந்தது, யானையாரும் கரைந்தார். அனைவருக்கும் காப்பீடு உண்டு என்று அப்போதே தீர்ப்பு சொன்னார். காடே ஆடிப் பாடியது. தோற்ற அணியின் மனம் கோணாமல் இருக்க இரண்டே இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்தார். அதை யாரும் காதில் வாங்கவில்லை.

மறுநாள் கொக்கு வைத்தியர் வாசலில் வரிசை நின்றது. காத்தாயியின் முறை வந்தது. இந்தக் கம்பியை மாட்டியது யார் என்று கேட்டார் வைத்தியர்.

"அவங்க ரெண்டு பேரும் மாட்டுனாங்க. நான்தான் காலை நீட்டினேன்."

"தானே தேடிக்கொண்ட காயத்துக்குத் திட்டம் பொருந்தாதும்மா. முதல் நிபந்தனையே அதுதான். அடுத்தவர் வாங்க."

ஆற்றங்கரைக்கு நொண்டிக்கொண்டு போனாள். அங்கீகாரம் இல்லாதவர் வைத்தியம் பார்த்தால் காட்டைவிட்டு விலக்கு என்பது இரண்டாம் நிபந்தனையாம். வாலையன் தலையை நிமிர்த்தவே இல்லை. "மன்னிச்சிரு, அக்கா" என்று சொல்லிவிட்டுத் தண்ணீருக்குள் போய்விட்டான்.

திரும்பும் வழியில், பூ எடுத்த கண்ணால் உலகத்தைப் பார்த்துக்கொண்டு கீரிக்கிழவி எதிரே வந்தாள். "இன்னுமா நீ காட்டலை? எல்லாருக்கும் பாக்குறாங்களேடி" என்று உரிமையோடு கடிந்துகொண்டாள்.

அவளுக்குப் பின்னால் செந்நாய்கள் வந்தன. திட்டத்தில் பல் வைத்தியமும் உண்டு. காத்தாயியைக் கண்டதும் மிகுந்த மரியாதையோடு ஒதுங்கி அவளுக்கு வழிவிட்டன. பிறகு, பின்னாலேயே நடந்தன.

நீதி: ஊர் நன்மைக்காகக் காலை நீட்ட வேண்டி வந்தால், பக்கத்தில் இருப்பவர் காலைப் பிடித்து நீட்டவும்.