ஊமைக் குழாயும் சந்தேகம் அண்ணனும்

சித்தூரில் சூரியனையே நம்பாத ஒரு மனிதர் இருந்தார். நன்றாக விடிந்த பிறகும் டார்ச்சை அணைக்கமாட்டார். பாகாலாவில் ரயில் ஏறி உட்கார்ந்த பின், இறங்கிப் போய் டிரைவரிடமே அது எந்த ஊர் வண்டி என்று விசாரிப்பார். முனிசிபாலிட்டி தண்ணீர் லைன்மேன். தெரு வைத்த பெயர், சந்தேகம்.

அவர் நம்பிய ஒரே ஜீவன் இரும்புக் குழாய். மண்ணில் ஒரு கம்பியை ஊன்றி மறுமுனையில் காதை வைப்பார். கீழே ஓடும் தண்ணீர் எங்கே ஒழுகுகிறது, எங்கே அடைத்திருக்கிறது என்று ஊர்வம்பெல்லாம் கம்பி வழியே ஏறிவரும்.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் தெருக்கோடிக்குப் பிளாஸ்டிக் குழாய் வந்தது. அதுவரை தண்ணீர் என்பது எங்களுக்கு அடுத்த தெருவின் சத்தம். சந்தேகம் குழாயை முகர்ந்தார், நகத்தால் கீறினார், ஒற்றைக் கையால் தூக்கினார். பசை தடவி இணைத்ததைப் பார்த்ததும் முகம் கறுத்துவிட்டது.

"சினிமா போஸ்டராட்டம் ஒட்டிக்கினு போறானுங்க. இதுல ஊருத் தண்ணி நிக்குமா?"

வால்வைத் திறந்தார்கள். கோடிக்குத் தண்ணீர் வந்து சேருமுன்பே அவர் கம்பியை ஊன்றிவிட்டார். சத்தமில்லை. இரும்பு மௌனமானால் உள்ளே தண்ணீர் இல்லை என்பது அவர் கணக்கு. பிளாஸ்டிக் பிறவி ஊமை என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை; சொன்னாலும் நம்பியிருக்கமாட்டார். தோண்டினார். இரும்பாக இருந்தால் 'டங்'கென்று கடப்பாரையைத் தடுத்திருக்கும். இது சத்தமில்லாமல் வழிவிட்டது. தெரு நடுவே தண்ணீர் தென்னையாய் எழுந்தது.

ஜீப்பில் வந்த இன்ஜினியர் தெலுங்கில் கொதித்தார். குழாய்தான் மோசம் என்றால் லைனையே பிடுங்கிவிடுவார். நாங்கள் மறுபடி காயவேண்டும். கடப்பாரைதான் காரணம் என்றால் சந்தேகத்தின் வேலைக்கு ஆபத்து. தினமும் அவரைத் திட்டுகிற என் அம்மாவுக்கே மனசு கேட்கவில்லை.

"தானா பொளந்துக்கினுச்சு சார்" என்றாள்.

சந்தேகம் சொட்டச் சொட்ட முன்னால் வந்தார். "அந்தம்மா பொய் சொல்லுது சார். அது நல்ல பைப்பு. நான்தான் கடப்பாரை போட்டேன்."

லைன் பிழைத்தது. அவரை ஊருக்கு வெளியே பம்ப் ஹவுஸுக்குத் தூக்கியடித்தார்கள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து, கொட்டுகிற குழாயெதிரே நின்றுகொண்டு, "தண்ணி வருதாம்மா?" என்று கேட்பார்.

அம்மா குழாயடியை விட்டு ஒதுங்கிக்கொள்வாள். அவர் கையை நீட்டி நனைத்து நம்பட்டும் என்று, ஞாயிறு மட்டும் அவர் வரும்வரை ஒரு குடத்தை நிரப்பாமல் வைத்திருப்பாள்.