கோட்டைச் சுவர் தேடிய எலுமிச்சை

தெய்வ வாக்கின் விலை நூற்றுப்பதினாறு ரூபாய். பூசணிக்காய் தனி. பேரம் கிடையாது.

இரண்டாயிரத்து மூன்றில் திருத்தணி மலைமேல் நின்ற வரிசைக்குப் போட்டியாக, அடிவாரத்தில் எலுமிச்சைச் சித்தர் வாசலிலும் ஒரு வரிசை. பித்தளைத் தட்டில் ஒரு பழத்தை உருட்டுவார். அது எங்கே நிற்கிறதோ அதுதான் விதி. பள்ளிப்பட்டில் ஒருவர் மருமகனையே இப்படித்தான் பொறுக்கினார். மாப்பிள்ளை இன்றைக்கும் வேலை வெட்டியில்லாமல் உருண்டுகொண்டுதான் இருக்கிறான்.

வரிசையில் பொதட்டூர்பேட்டை லுங்கி வியாபாரி ஹேமநாதன், மனைவி விஜியோடு. வியாபாரிகள் நடத்தும் ஹாக்கிக் கோப்பையில் அவருக்கொரு அணி உண்டு. ஓர் அணியின் மொத்தச் சம்பளம் பதினைந்தாயிரத்தைத் தாண்டக் கூடாது. மற்றவர்களுக்குப் போக மிச்சம் ஐயாயிரம். கோல் பகுதியைக் காக்கும் தடுப்பாட்டக்காரர்களோ மூன்று பேர். ஆளுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு. ஒருவனைக் கழற்றியாக வேண்டும். சாயங்காலத்துக்குள் பெயர் கொடுக்க வேண்டும். தப்பானவனைக் கழற்றினால் போன வருஷம் மாதிரி கோப்பை கோவிந்தா.

கூட வந்திருந்த அந்த மூவரின் மட்டைகளையும் தட்டைச் சுற்றி வைத்தார்கள். பழம் ஹரீஷின் மட்டையை முத்தமிட்டது. அதை எடுத்துவிட்டு உருட்டினால் பஞ்சாட்சரத்தின் மட்டை. மூன்று வருஷமாகப் பந்தை முழங்காலில் வாங்கிய ஸ்கந்தகுமார் பக்கம் அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இவனுக்கு நேரம் சரியில்ல. கழட்டி வுடு நைனா," என்றார் சித்தர்.

ஸ்கந்தகுமார் முகம் தொங்கிப்போயிற்று. "அவங்க ரெண்டு பேரும் மட்டையில சாமி வித்த ரட்சை ஆணி அடிச்சிகினாங்கண்ணே. அதுக்கு என்கிட்டயும் ஐந்நூறு கேட்டாரு. நான் எங்க போவேன்?"

ஆணி என்றதும் விஜி நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள்.

"ஏன் பாவா, சாயம் போவுதான்னு நனைச்சுக் கசக்கிப் பாக்காம ஒரு லுங்கி வாங்குவீங்களா? பழத்தை மட்டும் அப்படியே நம்பிகினு போறீங்க?"

"தெய்வத்தையா சோதிக்கிறே?" என்று உறுமினார் சித்தர்.

"இல்லீங்க சாமி. பழத்தை."

அவள் மட்டைகளோடு மறைவாகப் போய், பையிலிருந்த புது லுங்கிகளில் சுற்றி நான்கு கட்டுகளைக் கொண்டுவந்தாள்.

"மூணு பேருக்கு நாலு எதுக்கு?" என்றார் சித்தர்.

"புதுசா ஒருத்தன் வந்துகீறான். அவனையும் பாத்துடுங்க."

பழம் உருண்டது. கடன்காரனைக் கண்ட மார்வாடிபோல் நான்காவது கட்டைப் போய்க் கவ்விக்கொண்டது. சித்தர் துள்ளி எழுந்தார்.

"ஆஹா! இவன் கோட்டைச் சுவர்! ஒரு சொட்டு உள்ள வுடமாட்டான்! மூவாயிரம்கூடத் தரலாம்!"

விஜி லுங்கியை உருவினாள். உள்ளே அவளுடைய பழைய குடை. இரும்புக் கம்பி வளைந்து, துணி சல்லடை.

"ஆங், ஒரு சொட்டு வுடமாட்டான்! நேத்து இவனைப் பிடிச்சிகினுதான் தொப்பலா நனைஞ்சேன்."

குடையைத் தூக்கினாள். பழமும் கூடவே தொங்கிக்கொண்டு வந்தது. பூசணிக்காய்க்கு வைத்திருந்த கத்தியால் பிளந்தாள். உள்ளே காந்தத் துண்டு.

"அது... தெய்வக் காந்தம்," என்றார் சித்தர். கூட்டம் தட்சிணையைத் திருப்பிக் கேட்பதற்குள் ஆந்திரா பஸ் ஏறிவிட்டார். அந்தப் பக்கம் எலுமிச்சை மலிவு.

ஹேமநாதன் மூவரையும் மைதானத்தில் நிறுத்திப் பந்தடித்துப் பார்த்தார். ஸ்கந்தகுமார் எல்லாவற்றையும் நிறுத்தினான். ஹரீஷ் பாதியை. பஞ்சாட்சரம் பந்தை விட்டுவிட்டு ஆணியைத் தடவிக்கொண்டிருந்தான். ஸ்கந்தகுமார், ஹரீஷ் என இரண்டு பெயர்களை எழுதிக் கொடுத்தார். ஐயாயிரம் சரியாக இருந்தது.

ராத்திரி கடைக் கணக்கு எழுதும்போது விஜி சொல்லச் சொல்ல அவரே எழுதினார். தட்சிணை: நூற்றுப்பதினாறு. பூசணிக்காய்: இருபது. வரவு: காந்தம் ஒன்று, கீழே சிந்தும் குண்டூசி பொறுக்க. கையிருப்பு: முதலாளியின் மூளை ஒன்று, மடிப்புக் கலையாதது.