படகைச் சேற்றில் செருகியது குறித்துத் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

நலம். நீயும் நலமாகவே இருப்பாய்; பிறர் நிம்மதியைக் கெடுப்பவர்களுக்கு ஒரு குறையும் வருவதில்லை. இதை இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தாலும் கருத்து நேரானது. பாய்மரப் படகுப் பயிற்சியிலிருந்து என் பெயரை உடனே எடுத்துவிடு.

பக்கவாதம் வந்து வலது கையும் காலும் ஒத்துழைக்க மறுத்த அண்ணனை நீர்க்காற்று தேற்றும் என்று நீ சேர்த்துவிட்டாய், சரி. நடக்க முடியாதவர்களும் பார்வையில்லாதவர்களும் அங்கே உற்சாகமாகப் படகு ஓட்டுகிறார்கள், அதுவும் சரி. ஆனால் இருவர் உட்காரும் படகில் என் பக்கத்து இருக்கையில், நான் ஒன்பது ஆண்டுகளாகப் பேசாத உன் கணவரை உட்கார வைத்தது தற்செயல் என்று சொல்லாதே. கல்லூரியில் வகுப்பெடுத்தவன் நான். திருட்டு முழியை முதல் பெஞ்சிலேயே கண்டுபிடிப்பேன்.

படகில் ஒரு விதி. கண் தெரியாத மாப்பிள்ளையிடம் சுக்கான். என் இடது கையில் பாயின் கயிறு. கரை நெருங்கினால் கண்ணுள்ளவன் சொல்ல வேண்டும், அவர் "திருப்பலாமா?" என்று கேட்க வேண்டும், நான் "ம்" என்றபிறகே திருப்ப வேண்டும். அதாவது, பேச வேண்டும். சேற்றுத்திட்டு இருநூறு அடியில் வரும்போதே பார்த்துவிட்டேன். மானமுள்ளவன் என்ன செய்வான்? இருமினேன். "யாருக்கோ சளி பிடிச்சிருக்கு" என்றார், காற்றிடம். "சிலருக்குக் கரை வர்றது தெரியல" என்று நானும் பாயைப் பார்த்துப் பொதுவாகச் சொன்னேன். "தெரிஞ்சவங்க வாயைத் தொறந்து சொல்லலாம்" என்று மறுபடி காற்றுக்குப் பதில். காவல் படகிலிருந்து பயிற்சியாளரம்மா ஒலிபெருக்கியில் கத்தினார்: "சார், பேசுங்க சார்! இந்தப் படகுக்கு வாயிலதான் பிரேக்கு!" நாங்கள் பேசவில்லை. படகு நேராகப் போய்ச் சேற்றில் செருகிக்கொண்டு நின்றது.

கழிமுகத்தில் தண்ணீர் ஏறும்வரை நாற்பது நிமிடம் அசைய முடியாது என்றார்கள். பத்து நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் தாங்க முடியாமல் கேட்டேவிட்டேன்: எனக்குப் பாராட்டு விழா நடந்த அன்று, நான் ஏற்புரை வாசித்துக்கொண்டிருக்கும்போது, நடுவில் கைதட்டி, சபையையே தட்டவைத்து, என்னை உட்கார வைத்தீரே, ஏன்?

அவர் சொன்னார்: "அன்னிக்கே எனக்கு எதிர்ல இருக்கறவங்க முகமெல்லாம் புகையாத்தான் தெரிஞ்சுது, மச்சான். வீட்ல கூடச் சொல்லல, பயம். நீங்க பேச்சை நிறுத்தினீங்க, தாள் சரசரன்னு கேட்டுச்சு. முடிச்சிட்டு மடிக்கிறீங்கன்னு நெனச்சேன். முதல் கைத்தட்டு என்னோடதா இருக்கணும்னு ஆசைப்பட்டேன்."

"அது நாலாம் பக்கம்" என்றேன்.

"மீதி எத்தனை?"

"பதினஞ்சு."

"அப்ப ஊருக்கே நல்லதுதான் பண்ணியிருக்கேன்."

சிரித்துவிட்டேன். எந்தப் பயிற்சிக்கும் அசையாத என் வலது தோள் சிரிப்பில் குலுங்கியது, படகும் ஆடியது, என்னவோ ஏதோ என்று பயிற்சியாளரம்மா பதறிக் காவல் படகை விரட்டி வந்தார். நீர் ஏறியதும் திரும்பினோம். வழியில் ஐந்து முறை அவர் கேட்க, ஐந்து முறையும் நான் "ம்" என்றேன்.

இப்போது என் குறையைக் கவனி. ஒன்பது ஆண்டுகளாகக் கண்ணும் கருத்துமாக வளர்த்த கோபம், ஒரே மதியத்தில் கையை விட்டுப் போய்விட்டது. இந்த வயதில் புதிதாக ஒன்றைத் தொடங்கி ஆளாக்குவது லேசான வேலையா? உறவினர்மேல் கோபமில்லாத மனிதன் மாலை நேரத்தில் என்னதான் செய்வான்? ஆகவே, இன்றே சொல்லிப் பெயரை எடுத்துவிடு. நீயும் உன் வீட்டாரும் குறைவின்றி வாழ, கோபித்துக்கொண்டே வாழ்த்தும்,

அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் பயிற்சியாளரம்மா தொலைபேசியில் அழைத்தார். நான் விலகினால் மாப்பிள்ளையோடு ஓய்வுபெற்ற நில அளவையாளரை உட்கார வைப்பாராம். அந்த ஆள் வாயை மூடாமல் அரசியல் பேசுவார். கரையைப் பார்க்கவே மாட்டார். அவரிடம் நம் மனிதரை ஒப்படைக்க எனக்கு மனமில்லை. ஞாயிறு காலை நானே வருகிறேன், புறப்படச் சொல். தொப்பி எடுத்துக்கொள்ளட்டும், போன வாரத்து வெயிலில் மூக்கு தோலுரிந்திருக்கிறது, சேற்றில் நின்றபோது பார்த்தேன், அவருக்குத் தெரியாது. ஒரு வாரமாகக் கூடவே இருக்கும் நீ அதைக் கவனிக்கவில்லை. இதை நான் மறக்கமாட்டேன்.