எஞ்சின் இங்கே, பிரேம் தம்பினில்

புக்கிட் லாலாங் தோட்டம்,
சிரம்பான்.
5.12.1989

மரியாதைக்குரிய மைத்துனர் திரு. முனியாண்டி அவர்களுக்கு,

தங்கள் அக்காள் புருஷன் சன்னாசி எழுதிக்கொள்வது. இங்கே நானும் தாயம்மாவும் பிள்ளைகளும் சுகம். தம்பினில் தங்கள் சுகத்தையும் விசாரிக்கும்படி தாயம்மா பக்கத்திலேயே நின்று சொல்வதால் விசாரிக்கிறேன்.

பதினைந்து வருஷமாக எழுதாத ஆள் இப்போது எதற்கு எழுதுகிறான் என்று யோசிப்பீர்கள். ஏதோ கேட்கத்தான் என்று நினைத்தால் அந்த நினைப்பை விட்டுவிடுங்கள். நான் எதுவும் கேட்கவில்லை. போன வாரம் எங்கள் ரப்பர்ப் பால் கொட்டகையில் நடந்த விஷயம் பஸ் ஏறித் தம்பின் வரைக்கும் வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். நான் மொட்டை அடித்திருப்பது வேண்டுதலுக்கு என்று ஒரு பேச்சு, புத்தி பேதலித்து என்று ஒரு பேச்சு. இரண்டும் பொய். நடந்ததை நடத்தியவன் வாயாலேயே தெரிந்துகொள்ளுங்கள் என்றுதான் எழுதுகிறேன்.

நம் மோட்டார் உங்களுக்கு மறந்திருக்காது. எழுபத்து நான்கில் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிய மோட்டோகிராஸ் பந்தய மோட்டார் சைக்கிள். நீங்கள் ஓட்டினீர்கள், நான் பழுது பார்த்தேன். சிரம்பான் பந்தயத்தில் கடைசி வளைவு வரைக்கும் நாம்தான் முன்னால். அந்த வளைவில் நீங்கள் கூட்டத்தைப் பார்த்துக் கையைத் தூக்கினீர்கள், விழுந்தீர்கள். விழுந்ததற்குக் காரணம் கை இல்லை, நான் சங்கிலியை ஒழுங்காக முடுக்காததுதான் என்றீர்கள். சங்கிலி சரியாகத்தான் இருந்தது. அதை மறுபடியும் பேச எனக்கு விருப்பமில்லை. சங்கிலி சரியாகத்தான் இருந்தது. அன்றைக்கே மோட்டாரைக் கழற்றிப் பங்கு பிரித்தோம். எஞ்சின் எனக்கு, பிரேமும் சக்கரங்களும் உங்களுக்கு. என் பங்கை நான் சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கடியில் வைத்து, ஆயுத பூஜை தவறாமல் சந்தனம் குங்குமம் வைத்து வந்தேன். உங்கள் பங்கில் நீங்கள் பாகற்கொடி படரவிட்டிருப்பதாகத் தாயம்மா சொன்னாள். உங்கள் பங்கு, உங்கள் இஷ்டம்.

இப்போது எங்கள் தோட்டத்தில் மேட்டுக் காட்டுப் பால்மரங்களை எல்லாம் சாய்த்துவிட்டார்கள். செம்பனை நடும் வரைக்கும் மலை சும்மாதான் கிடக்கும். பொங்கலுக்கு அங்கே மோட்டோகிராஸ் பந்தயம் வைக்க இளைஞர் மன்றத்துக்கு அனுமதி கிடைத்தது. பழைய மோட்டார்களுக்குத் தனிப் பந்தயம் என்று மன்றச் செயலாளர் திருநாவுக்கரசு கோயிலில் மைக் வைத்துச் சொன்னான். நான் வீட்டுக்கு வந்து கட்டிலை நகர்த்தினேன். தாயம்மா தலையணையை மட்டும் எடுத்துக்கொண்டு மூத்தவள் அறைக்குப் போய்விட்டாள்.

எஞ்சின் உள்ளே பிஸ்டன் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. எனக்கு ஒரு கவலையும் இல்லை. மண்ணெண்ணெய் ஊற்றினேன், டீசல் ஊற்றினேன், தாயம்மாவின் தலைக்கு வைக்கிற தேங்காய் எண்ணெயையும் ஊற்றினேன், அசையவில்லை, கடைசியில் சூடுதான் மருந்து என்று முடிவு செய்து, கோயிலில் அன்னதானத்துக்குச் சமைக்கிற பெரிய அண்டாவைப் பூசாரி ஊரில் இல்லாத சமயம் பார்த்து எடுத்து வந்து, விறகு மூட்டி எஞ்சினை அப்படியே வேகவைத்தேன், உள்ளிருந்து ணங்கென்று ஒரு சத்தம், பிஸ்டன் இறங்கிவிட்டது, அண்டாவை மூன்று முறை புளி போட்டுத் தேய்த்துத்தான் திருப்பி வைத்தேன், ஆனாலும் வெள்ளிக்கிழமை பாயசத்தில் ஏதோ வாசம் என்று பக்கத்து வீட்டுப் பஞ்சாலை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள், குடித்தவர்கள் எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள், இரண்டு டம்ளர் குடித்தவள் அவளேதான்.

கார்புரேட்டரைச் சிரம்பான் பழைய இரும்புக் கடையில் தேடிப் பிடித்தேன். கேஸ்கெட்டைச் சின்னவனின் பள்ளிக்கூட அட்டையில் வெட்டினேன். எல்லாம் கூடி வந்தது. பிரேம்தான் இல்லை. அதற்காக யார் வாசலிலும் போய் நிற்கிறவன் இல்லை நான். வேலைக்குப் போகிற என் சின்ன மோட்டாரின் நடுவில் இருந்ததை அறுத்து எடுத்துவிட்டு நம் எஞ்சினை அதில் உட்காரவைத்தேன். பட்டறையில் பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரிப்பதற்கு யாருக்கும் தடையில்லை.

போன செவ்வாய்க்கிழமை ஓட்டிப் பார்த்தேன். உதைத்தால் எடுக்கவில்லை.

"தாயி, பின்னால கொஞ்சம் தள்ளுலா" என்றேன்.

"ஒடைஞ்சு விழுந்தா நான் தூக்க மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே தள்ளினாள். உங்கள் அக்காளின் கைராசி, எஞ்சின் பிடித்துக்கொண்டது. என்ன சத்தம்! லயத்து வரிசை வீட்டு நாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டன. நான் கைப்பிடியைத் திருகினேன், போனது, திருப்பி விட்டேன், அப்போதும் போனது, ஆக்சிலேட்டர் கம்பி சிக்கிக்கொண்டது என்று எனக்குப் புரிவதற்குள் பஞ்சாலையின் துணிக்கொடி வந்துவிட்டது, அவள் மஞ்சள் சேலை என் முகத்தில் சுற்றிக்கொண்டது, அதனால் பால் கொட்டகைக்கு இறங்குகிற பாதையை நான் பார்க்கவில்லை, ஆனால் அது பாதை தெரிந்ததுபோல நேராக இறங்கியது. அங்கே எல்லோரும் பால் வாளிகளோடு நிறுவைக்கு நின்றிருந்தார்கள். கணக்கு எழுதுகிற கிராணி கத்தியதும், மேனேஜர் ஏதோ இங்கிலீஷில் சொன்னதும் கேட்டன. திண்ணைக்கல் மாதிரி ஒரு கட்டை குறுக்கே இருந்திருக்கிறது. முன்சக்கரம் அதில் இடித்த இடத்தில் என் சின்ன மோட்டார் இரண்டாக முறிந்தது. எஞ்சின் தனியாகக் கழன்று முன்னால் போனது. நான் சீட்டோடு பின்னால் உட்கார்ந்திருந்தேன். நாலைந்து வாளிப் பால் என் தலையில்.

சேலையை விலக்கிப் பார்த்தால் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது சிமெண்டுத் தரையில் ஒருக்களித்துக் கிடந்தது; ஆனால் ஓடிக்கொண்டிருந்தது மச்சான்! டாங்கும் இல்லை, குழாயும் இல்லை, கார்புரேட்டரில் மிச்சமிருந்த எண்ணெயில் அது பாட்டுக்கு ஓடியது. கொஞ்ச நேரம்தான். பிறகு இருமி நின்றது. அந்தக் கொஞ்ச நேரத்துக்கு என் கண்ணில் பால் மட்டும் இல்லை, வேறு தண்ணீரும் இருந்தது என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

மேனேஜர் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தார். சீட்டுக் கிழித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். "பாகுஸ்" என்று மலாயில் மெச்சினார். "இதை ஓட்டின பையனை எனக்குத் தெரியும். சிரம்பான்ல அன்னிக்கு நான் வேலிப் பக்கம் நின்னேன். அவன் இன்னும் ஓட்டுறானா?" என்று கேட்டார். பால் உதட்டில் இறுகிக்கொண்டிருந்தது.

அங்கே நின்ற திருநாவுக்கரசுதான் கெடுத்தான். "அண்ணே, எஞ்சின் சரி. ஆனா பழைய மோட்டார்னா பிரேமும் அதே பிரேமா இருக்கணும்லா. ரெண்டுலயும் நம்பரு பார்ப்போம். கண்ட பிரேம்ல மாட்டிட்டு வந்தா சேர்க்க முடியாது" என்றான். இது என்ன சட்டம்? எஞ்சின்தானே மோட்டார்? பிரேம் என்பது அதை உட்காரவைக்கிற நாற்காலி. நான் அவனிடம் வாதாடினேன். தலைமுடியில் பால் ரப்பராகிவிட்டதால் நிறைய நேரம் வாதாட முடியவில்லை.

அன்று சாயங்காலம் தாயம்மா எண்ணெய் தேய்த்துப் பார்த்தாள், சீவிப் பார்த்தாள், கடைசியில் கத்திரிக்கோலை எடுத்தாள்.

"என் தம்பிக்கிட்ட கேளுங்க" என்றாள்.

"கேக்க மாட்டேன்."

"அப்ப நான் கேக்குறேன்."

"நீயும் கேக்கக் கூடாது."

கத்திரிக்கோல் நின்றது. "மூத்தவ சடங்குக்கு வந்தான். தாய்மாமன் மாலையப் போட்டுட்டு, போட்டோ எடுக்கிறதுக்குள்ள பஸ் ஏறிட்டான். அந்தப் போட்டோவுல என் பக்கம் காலியா கெடக்கு. ஒரு சங்கிலிக்கு இத்தன வருஷமா?" என்றாள். பிறகு மொட்டை கொஞ்சம் அழுத்தமாகவே விழுந்தது.

ஆகையால், மைத்துனர் அவர்களே, தெரியப்படுத்துவது என்னவென்றால், நான் பிரேம் கேட்கவில்லை. தை மாதம் வரைக்கும் நேரம் இருக்கிறது. வேறு வழி கண்டுபிடிப்பேன், என்னால் முடியாதது இல்லை. எஞ்சின் ஓடுகிறது என்பதையும், ஓட்டியவனை மேனேஜர் இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறார் என்பதையும் நீங்கள் தெரிந்துகொண்டால் போதும். தங்கள் வீட்டு வாசற்படியை நான் இந்த ஜென்மத்தில் மிதிப்பதாக இல்லை. தாங்களும் குடும்பத்தாரும் முருகன் அருளால் நோய் நொடியில்லாமல், கை கால் சுகத்தோடு நீடூழி இருக்க வேண்டும் என்று மூத்தவன் என்ற முறையில் ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அக்காள் புருஷன்
பெ. சன்னாசி

பின்குறிப்பு: கடிதத்தில் ஒட்டுவதற்கு ஸ்டாம்பு தேடினேன், இல்லை. வாசலில் ஹாரன் சத்தம். எட்டிப் பார்த்தால் தோட்டத்து லோரி நிற்கிறது. ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு தம்பின் ஸ்டேஷனுக்குப் போகிற லோரி. ஷீட்டுக் கட்டுகளுக்கு மேலே நம் எஞ்சின். முன்சீட்டில் புதுச்சேலை கட்டி, மடியில் கோழிக்கறித் தூக்கோடு உன் அக்கா. "வந்தா வாங்க, வராட்டி இருங்க" என்கிறாள். வளைவில் எஞ்சின் உருளாமல் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும், அதற்காக மட்டும்தான் நானும் பின்னால் ஏறுகிறேன். கடிதத்தை என் கையிலேயே கொண்டுவருகிறேன். நீ இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது நான் உன் வாசலில்தான் நிற்கிறேன், எஞ்சினைத் தூக்கிக்கொண்டு. கனமாக இருக்கிறது மச்சான், சீக்கிரம் படி.