பஞ்சுப் பொதிக்கு அந்தப் பக்கம் என் மகன்

ஒரு கைக்குழந்தையின் மெத்தைக்கு எவ்வளவு பஞ்சு வேண்டும்? பட்டம் வாங்கியவள் நான். இன்றுவரை விடை தெரியாது. தெரிந்திருந்தால், இணையத்தில் வாங்கும்போது ‘ஒரு பொதி’ என்பது தலையணை அளவுதான் இருக்கும் என்று நம்பியிருக்க மாட்டேன்.

மலேசியாவின் ஜொகூரில், ஸ்கூடாயில் எங்கள் வீட்டு வாசலில் லோரி வந்து இறக்கியது குளிர்சாதனப் பெட்டி அளவுக்கு ஒரு பஞ்சுக் கட்டி. நான்கு இரும்புப் பட்டைகள் அதன் வயிற்றை இறுக்கிப் பிடித்திருந்தன. (பிரசவத்துக்குப் பிறகு நான் பிடிவாதமாகப் போட்டுப் பார்த்த பழைய சுடிதாரைப் போல.) பிள்ளைக்கு வாங்கிய பொருள், அக்கம்பக்கத்தார் கண் பட்டுவிடுமே என்று லோரிக்காரரைக் கெஞ்சி உள்ளே தள்ளச் சொன்னேன். அது போய் நின்ற இடம், குழந்தை தூங்கும் அறைக்குப் போகும் குறுகிய நடை.

சிங்கப்பூரில் வேலை முடிந்து எல்லைப் பாலத்து நெரிசலில் மாட்டியிருந்த கணவர், “தொடாதம்மா, நான் வந்து வெட்டுறேன்” என்றார் போனில்.

அடுத்து ஆயர் ஈத்தாமிலிருந்து மாமியார், வீடியோ அழைப்பில். “இன்னிக்கு ஞாயித்துக்கெழம. நாலரைக்கு ராகு காலம். பிள்ளைக்கு மொத மெத்த, அதுக்குள்ள பிரிச்சிடு கவிதா!”

மணி நாலே கால். கணவரா, மாமியாரா? (மணமானவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.)

பாதுகாப்பு முக்கியமல்லவா? மோட்டார் சைக்கிள் ஹெல்மெட், மழைக்கோட்டு, பாத்திரம் கழுவும் கையுறை எல்லாம் அணிந்து, தகரம் வெட்டும் கத்தரியை எடுத்தேன். முதல் பட்டை ‘டங்’ என்று தெறித்தது. பொதி அசையவில்லை. இவ்வளவுதானா என்று இரண்டாவதையும் வெட்டினேன். மற்ற இரண்டும் என்னைக் கேட்காமலே அறுந்தன.

பொதி ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு வளர்ந்தது. இரண்டு சுவர்களையும் தொட்டு, என் கழுத்து உயரத்துக்கு எழுந்து நடையை அடைத்துக்கொண்டது. நான் இந்தப் பக்கம். என் மகன் அந்தப் பக்கம். சத்தத்தில் விழித்து, பசியில் வீறிட்டான்.

பஞ்சு அவன் மூக்கில் ஏறியிருக்குமோ? கட்டிலிலிருந்து உருண்டிருப்பானோ? இரண்டு கையாலும் பிய்த்துப் பின்னால் எறிந்தேன். கூடத்து விசிறி அதை வீடு முழுக்க விநியோகித்தது.

“அலமாக், ஐயய்யோ! வீட்டுக்குள்ள என்னம்மா பனி பெய்யுது?” சோபாவில் கிடந்த கைப்பேசியிலிருந்து மாமியார்.

“பிள்ள உள்ள மாட்டிக்கிட்டான் அத்தை!”

“அப்ப ஏறிப் போம்மா! பாத்துக்கிட்டா நிப்பே?”

ஏறினேன். பாதியில் இடுப்புவரை புதைந்தேன். “கால உதறு! உதறு!” என்று அத்தை கத்தியபோது, வேறு சில குரல்களும் சேர்ந்து கத்தின. அங்கே அத்தை வீட்டுக்கு வந்திருந்த சொந்தக்காரர்கள் அனைவரும் கைப்பேசியைச் சூழ்ந்துகொண்டிருந்தார்கள்.

மறுபக்கம் தலைகுப்புற விழுந்து, எழுந்து ஓடினேன். கட்டிலில் பத்திரமாகக் கிடந்த மகன் என்னைப் பார்த்ததும் வாயடைத்துப் போனான். ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகுதான் அம்மா என்று ஒப்புக்கொண்டு, மறுபடி அழ ஆரம்பித்தான்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்தப் பொட்டலத்தைப் பிரித்தாலும் எல்லாரும் சுவரோரம் ஒதுங்கி, “கவிதா வெட்டட்டும்” என்கிறார்கள். இப்போது நாத்தனார் கெலாங் பாத்தாவில் அழகு நிலையம் திறக்கிறாள். “அண்ணி, நீங்கதான் ரிப்பன் வெட்டணும்” என்றாள், சிரிக்காமல். மரியாதையா, கேலியா? புரியவில்லை. போகலாமா, காய்ச்சல் என்று படுத்துவிடலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்: எத்தனை டிகிரி என்றால் ஒரு நாத்தனார் நம்புவாள்?