இரண்டரைச் சுற்று

"என்னங்க, உங்க விமானம் மறுபடியும் செத்துப்போச்சா?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"சாகல. மூச்சு வாங்குது" என்றார் அவர், பின்முற்றத்தில் குந்தியபடி.

அச்சகத்தில் பிழை திருத்துவது அவர் வேலை. எதைக் கண்டாலும் முதலில் ஒரு திருத்தம் போட்டால்தான் அவருக்குச் சோறு இறங்கும். மூன்று மாதம் பார்த்துப் பார்த்துக் கட்டிய, ரிமோட்டில் பறக்கவேண்டிய குட்டி விமானம் அது. இன்ஜின் பத்து விநாடி உறுமும், இருமும், நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமைக்குள் பறக்காவிட்டால் விமானம் தன்னுடையது, அப்புறம் அதைத் தன் இஷ்டப்படி வைத்துக்கொள்ளலாம் என்று மனைவி பந்தயம் கட்டியிருந்தாள். வீறாப்பில் இவரும் தலையாட்டித் தொலைத்திருந்தார். இன்றைக்குப் புதன்.

எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் ஊசித் திருகு இரண்டரைச் சுற்று திறந்திருக்க வேண்டும் என்று கையேட்டில் போட்டிருந்தது. அச்சில் எவ்வளவு பிழை வரும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனாலும் கையேடு வேதவாக்கு. தினமும் சாயங்காலம் வந்து பார்த்தால் திருகு ஒன்றேகால் சுற்றில் நிற்கும்.

"அதிர்வுல தானா மூடிக்குது, பாரு" என்று முதல் காரியமாக அதை இரண்டரைக்குத் திருப்பிவிட்டுத்தான் இன்ஜினைக் கிளப்புவார்.

குபுகுபுவென்று புகை வந்தது. சைலன்சரில் கரி அடைத்திருக்கும் என்று அதைக் கழற்றிவிட்டுக் கிளப்பினார். தெருவே காதைப் பொத்திக்கொண்டது. கொடியில் காய்ந்த பெட்ஷீட் முழுக்க எண்ணெய்ப் பொட்டு.

"கரியும் இல்ல, ஒண்ணும் இல்ல. பேசாம அதை மாட்டுங்க. அதுலேருந்து டேங்குக்குப் போற ட்யூபையும் சேர்த்து" என்றாள் மனைவி.

"உனக்கென்ன தெரியும் இதைப் பத்தி?"

வியாழக்கிழமை பார்த்தால் டேங்கில் எரிபொருள் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. எங்கேயோ ஒழுகுகிறது என்று, கண்ணில் பட்ட இணைப்புக்கெல்லாம் டேப் சுற்றினார். டேங்கின் காற்றுத் துளையையும் விட்டுவைக்கவில்லை. இன்ஜின் உறுமக்கூட மறுத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை டேப்பையே காணோம்.

"வெயிலுக்கு உரிஞ்சிருக்கும்" என்றாள் மனைவி, செய்தித்தாளிலிருந்து தலை நிமிராமல்.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் ஒரேயடியாக முடிவு கட்டினார். திருகை இரண்டரையில் வைத்து, அசையாமலிருக்கப் பசை போட்டு ஒட்டிவிட்டார்.

"பசையா போட்டீங்க?" மனைவியின் குரல் கீச்சிட்டது. "உங்களுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா?"

பெட்ஷீட்டுக்குக்கூட இவ்வளவு கோபப்படாதவள், இதற்கு ஏன் இப்படிக் குதிக்கிறாள் என்று அவருக்கு விளங்கவில்லை.

ஞாயிறு காலை இருவரும் மைதானத்துக்குப் போனார்கள். விமானத்தின் முன்விசிறியைக் கையால் ஐம்பது தடவை சுற்றியிருப்பார். புகை, இருமல், அமைதி. தோள்பட்டை விட்டுப்போயிற்று. மூன்று மாத உழைப்பு கண்ணெதிரே புல்லில் கிடந்தது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"எடுத்துக்கோ. தோத்துட்டேன்" என்றார்.

மனைவி குழந்தையைத் தூக்குவதுபோல விமானத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, நகத்தால் பசையைச் சுரண்ட ஆரம்பித்தாள்.

திரும்பும்போது கேட்டைத் திறந்துவிட்ட மைதான வாட்ச்மேன் இருவரையும் பார்த்துச் சிரித்தார்.

"நல்லதாப் போச்சுக்கா. சார் வேலைக்குப் போனப்புறம் பெட்ஷீட்ல சுத்தி ஒளிச்சு எடுத்துட்டு வந்து பறக்கவிடற பாடு இனிமே உங்களுக்கு இல்ல."