நாலு மணி அண்ணனும் நார்வே மலையும்

மலேசியாவில் வெயிலைத் திட்டாத ஆள் கிடையாது. ஆனால் சூரியனைச் சொத்துத் தகராறு உள்ள பங்காளியாகவே நினைத்து, அதன் முகத்தில் விழிக்காமல் வாழ்வது என்று முடிவு செய்தவர் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒருவர்தான். அவர் பெயர் நாலு மணி. பெற்றவர்கள் வேறு ஏதோ பெயர் வைத்திருக்கிறார்கள். அது அடையாள அட்டைக்கும் அவர் மனைவிக்கும் மட்டும் தெரியும்.

வாரத்தில் ஆறு நாள் கடைகளின் தகரக் கூரைமேல் ஏறி ஏர்கான் பொருத்துவது அவர் தொழில். ஊருக்கெல்லாம் குளிரை வழங்கிவிட்டுத் தான் மட்டும் வறுபடுகிற மனிதருக்குக் கோபம் வருவது நியாயம். ஏழாவது நாள் அந்தக் கோபத்துக்கு நாங்கள் பலியானோம். நாங்கள் என்றால் இரண்டே பேர். சுபாங் ஜெயாவில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் உட்கார்ந்தே தொந்தி வளர்த்த நான் ஒருவன். கிள்ளானில் கணக்கு டீச்சராக இருக்கும் ஜெயா அக்கா இன்னொருவர். எங்கள் சைக்கிள் குழுவுக்கு நாலு மணி அண்ணன்தான் தலைவர், வழிகாட்டி, சர்வாதிகாரி.

எங்கே போவதானாலும் விடிகாலை நாலு மணிக்குச் சக்கரம் உருள வேண்டும். ஒருமுறை நாலு ஏழுக்குப் போய் நின்றேன். தெருவில் ஒரு பூனைதான் இருந்தது. துரத்திக்கொண்டு போய் ஷா ஆலாம் அருகே பிடித்தேன். "ஏன் லேட்டு?" என்றுகூடக் கேட்கவில்லை. "வெயில் உனக்காக வெயிட் பண்ணுமா?" என்றார். இன்னொரு நாள் காப்பார் கடலோரம் போய்த் திரும்பும்போது முதுகில் வெயில் விழுந்துவிட்டது. "ரெண்டாவது ரொட்டி சானாய் கேட்டான் பாருங்க, அவனாலதான்," என்று ஒரு மாதம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். பத்துமலைக்கும் அவர் அப்படித்தான் போவார். முருகன் கண் விழிக்கும் முன்பே கும்பிட்டுவிட்டு வந்துவிடுவார். தன் மகளின் கல்யாணத்துக்கு நாலரைக்கு முகூர்த்தம் குறித்துக் கொடுத்த ஐயரைப் போல ஞானி உலகத்தில் இல்லை என்பது அவர் கருத்து.

இப்படிப்பட்டவர் ஒருநாள் ஒரு படத்தைக் காட்டினார். இரண்டு பக்கமும் மலை, நடுவே நீளமாக உள்ளே புகுந்த கடல், மலைமேல் வளைந்து வளைந்து ஏறும் ஒரு தார்ச்சாலை. நார்வேயாம். அப்படிப் புகுந்த கடலுக்கு ஃபியோர்டு என்று பெயராம்.

"இங்க வெயிலே கிடையாதாம்லா," என்றார். குரலில் பக்தி இருந்தது.

பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் பாதை வரைந்தார். ஃபியோர்டு கரையில் தங்குவது, ஒரு மலையை ஏறி அந்தப் பக்கம் இறங்கி அடுத்த ஃபியோர்டைத் தொடுவது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் எண் போட்டார். போன ஜூன் மாதம் மூன்று பேரும் சைக்கிளைப் பெட்டியில் கட்டிக்கொண்டு போய் இறங்கினோம்.

விடுதி நடத்தும் அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். எங்கள் நோட்டைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னார். மேலே இன்னும் பனி இருக்கிறது, பத்து மணிக்கு மேல் புறப்படுங்கள், தடித்த ஜாக்கெட் இல்லாமல் போகாதீர்கள். ஜெயா அக்கா குறித்துக்கொண்டு, அன்றே கடைக்குப் போய் ஒன்று வாங்கினார்.

நாலு மணி அண்ணன் என்னைத் தனியாக இழுத்தார். "பத்து மணியா? பத்து மணிக்கு மலை ஏறினா கருகிடுவோம். இந்த அம்மாவுக்கு வெயிலைப் பத்தி என்ன தெரியும்?"

"அண்ணே, இங்கதான் வெயிலே இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"இல்லாத மாதிரி இருக்கும். நம்பக்கூடாது."

மறுநாள் அவர் வழக்கப்படி நாலு மணிக்கு எழுந்து ஜன்னலைத் திறந்தார். வெளியே பட்டப்பகல் மாதிரி வெளிச்சம். வாழ்க்கையில் முதல் முறையாகச் சூரியன் அவரை முந்திவிட்டது. "பாத்தியா, பாத்தியா!" என்று துடித்துப்போனார். அந்தப் பக்கம் கோடையில் இருட்டே சரியாக வராது என்று ஜெயா அக்கா எவ்வளவோ விளக்கினார். செவிடன் காதில் ஊதிய சங்குதான். அன்றைய பயணத்தை ரத்து செய்து, அடுத்த நாள் மூன்று மணிக்குப் புறப்பட வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தினார். உலகத்தில் எங்கேயும் நடக்காத இந்தத் தவற்றை, கிள்ளான் பள்ளத்தாக்கில் இருபது வருஷம் சைக்கிள் ஓட்டியவர்கள்தான் செய்ய முடியும்.

மூன்றுக்குப் புறப்பட்டோம். நானும் அவரும் வழக்கமான மெல்லிய சட்டை, அரைவிரல் கையுறை. ஏறும்போது வேர்த்துக் கொட்டியது. "ஜாக்கெட் எதுக்கு? பாத்தியா?" என்றார். பாதி மலையில் தூறல் பிடித்தது. உச்சியில் சாலையின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குப் பனிச்சுவர் நின்றது. அண்ணன் அதைத் தொட்டுப் பார்த்து, "என்னா கூலிங்லா! இந்த கம்ப்ரஸரை எவன் செஞ்சான்!" என்று வியந்தார். நான் சிரிக்கப் பார்த்தேன். தாடை ஆடியதே தவிர சிரிப்பு வரவில்லை.

அங்கே ஒரு காப்பிக் கடை இருந்தது. கதவு பூட்டியிருந்தது. பத்து மணிக்குத் திறக்கும் என்று பலகை சொன்னது. அப்போது மணி ஆறுகூட ஆகவில்லை.

"அண்ணே, இவரு உதடு நீலமா இருக்கு," என்றார் ஜெயா அக்கா.

"கீழ எறங்கினா சூடாயிடும். வா வா, சீக்கிரம்!"

இறங்கினேன். ஈரச்சட்டையில் காற்று அறைந்தது. முதல் வளைவு வந்தது. பிரேக்கைப் பிடி என்று விரலுக்குச் சொன்னேன். விரல் கேட்கவில்லை. குனிந்து பார்த்தேன். கை பிரேக்மேல்தான் இருக்கிறது, ஆனால் அது என் கையே இல்லை. சைக்கிள் வேகம் எடுத்தது. வளைவுக்கு அப்பால் சாலை இல்லை, வெறும் மூடுபனி. அதற்கும் கீழே எங்கேயோ ஃபியோர்டு.

"பிரேக் பிடிக்க முடியல!" என்று கத்தினேன்.

"பனியில ஏத்து! சுவத்துல ஏத்துடா!" பின்னாலிருந்து அவர் அலறினார். உடம்பை இடப்பக்கம் சாய்த்தேன். பனிச்சுவரில் தோள்வரை புதைந்து நின்றேன். எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆனால் எழுந்திருக்கத் தோன்றவில்லை. இங்கேயே கொஞ்ச நேரம் தூங்கினால் என்ன என்று சுகமாக ஒரு எண்ணம் வந்தது. அதைச் சொல்லியும் விட்டேன்.

இரண்டு பேரின் முகமும் மாறியது. கைப்பேசிகளில் சிக்னல் இல்லை. சாலையில் ஒரு வண்டி இல்லை, அந்த நேரத்தில் எந்தப் பைத்தியம் மலையேறும்? ஜெயா அக்கா தன் ஜாக்கெட்டைக் கழற்றி எனக்கு மாட்டினார். உள்ளே அவர் ஸ்வெட்டரும் போட்டிருந்தார். "நான் விடுதிக்குப் போய் வண்டி கொண்டு வரேன். அண்ணே, இவரைத் தூங்க மட்டும் விட்டுடாதீங்க," என்று சொல்லிவிட்டு வந்த வழியே உச்சியை நோக்கி மிதித்தார்.

அண்ணன் என்னை மறுபடி மேலே காப்பிக் கடைச் சுவரோரம் இழுத்துக்கொண்டு போனார். தன் சட்டையைத் தூக்கி என் இரண்டு கைகளையும் அக்குளில் வைத்து இறுக்கிக்கொண்டார். ஐஸ் பட்டதும், "அய்யோ அம்மா!" என்று ஒரு துள்ளு துள்ளினார். ஆனால் விடவில்லை.

"தூங்குனே, கொன்னுடுவேன். சொல்லு, பிரிக்ஃபீல்ட்ஸ்ல இருந்து காப்பாருக்கு எப்படிப் போவ?"

"ஃபெடரல் ஹைவே... மோட்டார் சைக்கிள் பாதை..."

"அப்புறம்?"

"சுபாங்... ஷா ஆலாம்... கிள்ளான்... பாலத்தத் தாண்டி..."

"பாலம் தாண்டக்கூடாதுலா! தாண்டினா சவுத் கிள்ளான்! முதல்லருந்து சொல்லு!"

எத்தனை முறை காப்பாருக்குப் போனேனோ தெரியாது. ஒவ்வொரு முறையும் பாலத்தைத் தாண்டினேன். ஒவ்வொரு முறையும் கன்னத்தில் ஒரு தட்டு விழுந்தது. பிறகு அவர் கிழக்கே பார்த்துப் பேசத் தொடங்கினார். முதலில் என்னிடம் என்று நினைத்தேன். "டேய், அங்க என்னடா பண்ற? ஊர்ல மட்டும் ஏழு மணிக்கே மண்டையைப் பொளக்கிற இல்ல? இப்ப வாடா. ஏதோ கோவத்துல பேசிட்டேன். வாய்யா. ஐயா, சாமி, கொஞ்சம் வாயேன்!" அவர் குரல் உடைந்திருந்தது. அப்போதுதான் எனக்கு முதல் முறையாகப் பயம் வந்தது. அந்த மனிதரைக் கெஞ்ச வைக்கும் அளவுக்கு என் நிலை இருக்கிறதென்று புரிந்தது.

பங்காளி வரவே இல்லை. மூடுபனிதான் தடித்தது. எவ்வளவு நேரம் கழித்தோ இரண்டு விளக்குகள் தெரிந்தன. விடுதி அம்மாள் வேனிலிருந்து இறங்கி, கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற இரண்டு தமிழர்களையும் ஒரு பார்வை பார்த்தார். "பத்து மணி என்று சொன்னேன்," என்றார். நாலு மணி அண்ணன் தலை குனிந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

மருத்துவரைப் பார்த்தோம். விரல்கள் பிழைத்துவிட்டன, அடிக்கடி மடக்கி நீட்டச் சொன்னார். அண்ணன் மன்னிப்புக் கேட்பார் என்று மூன்று நாள் காத்திருந்தேன். "நீ நல்ல கையுறை வாங்கியிருக்கணும்," என்றார். எனக்கு எரிந்தது. திரும்பும் விமானத்தில் பக்கத்து இருக்கை அவருடையது. பேசப் பிடிக்காமல் போர்வையை இழுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்திருக்க வேண்டும். போர்வைக்குள்ளிருந்து என் கையை மெதுவாக எடுத்தார். சுண்டுவிரலிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக மடக்கினார், நீட்டினார். ஐந்து விரலும் முடிந்ததும் மறுபடி சுண்டுவிரலுக்கு வந்தார். கோலாலம்பூர் வரும்வரை நான் கண்ணைத் திறக்கவே இல்லை.